பி-யில் சிக்கிய கியர்: ஹோண்டாவின் சாவித்துளையா, டொயோட்டாவின் பட்டனா?

ஆட்டோமேட்டிக் காரில் லீவரைப் பி-யில் (பார்க்) பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன சொலினாய்டு, அதாவது மின்காந்தப் பூட்டு. இக்னிஷன் ஆன் ஆகி, பிரேக்கை மிதித்து, அதற்கு கரண்ட் போனால்தான் விடும். பேட்டரி இறங்கிவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் லீவர் அசையாது. அதற்காகத்தான் லீவர் பக்கத்தில் நகம் அளவு மூடி ஒன்று இருக்கிறது. கார் வாங்கும்போது டச் ஸ்கிரீனைத் தேய்த்துப் பார்ப்பவர்கள் இதைத் தேடுவதே இல்லை.

ஹோண்டா சிட்டி சிவிடியில் (பெல்ட் வகை ஆட்டோமேட்டிக்) முதலில் ஹேண்ட் பிரேக்கைப் போட வேண்டும். தட்டை ஸ்க்ரூடிரைவர் முனையில் துணி சுற்றி மூடியை நெம்பினால் உள்ளே சாவித்துளை தெரியும். சாவியைச் செருகி அழுத்தியபடியே லீவர் பட்டனையும் அமுக்கி என்-க்குத் (நியூட்ரல்) தள்ள வேண்டும். ஸ்மார்ட் கீ என்றால் ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவ வேண்டும். அப்படி ஒன்று உள்ளே இருப்பதே பலருக்குத் தெரியாது.

டொயோட்டா ஃபார்ச்சூனரில் மூடிக்குள் பட்டன். பிரேக்கை மிதித்தபடி அதை அழுத்திக்கொண்டே லீவரை நகர்த்தினால் போதும். சாவியைத் தேட வேண்டாம். பதற்றத்தில் இருக்கும் ஆளுக்கு இதுவே நல்லது என்பது எங்கள் கணிப்பு.

ஹூண்டாய் ஐயோனிக் 5-இல் கியர் முழுக்க மின்சார வேலை. கன்சோலில் லீவரும் இல்லை, மூடியும் இல்லை. 12 வோல்ட் பேட்டரிக்கு ஜம்ப் கொடுப்பதுதான் (வேறு பேட்டரியிலிருந்து கேபிளில் கரண்ட் தருவது) வழி. இந்த விஷயத்தில் மதிப்பெண் குறைக்கிறோம். மாருதியின் ஏஜிஎஸ் போன்ற ஏஎம்டி கார்களில் (மேனுவல் கியர்பாக்ஸைத் தானாக மாற்றும் வகை) பி-யே கிடையாது, அவை இந்தக் கணக்கில் வராது.

மூடியைத் திறப்பதற்கு முன் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள், சரிவில் கட்டாயம். ஹேண்ட் பிரேக் போடாமல் பி-யில் மட்டும் நிறுத்தியிருந்தால் காரின் எடை முழுவதும் கியர்பாக்ஸில் உள்ள பூட்டுப்பல் மேல் விழுந்திருக்கும். சொலினாய்டு பூட்டு விட்டாலும் லீவர் முரண்டு பிடிக்கும். காரை மேட்டுப் பக்கமாக லேசாகத் தள்ளச் சொன்னால் வந்துவிடும். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் போட்டிருக்கும் காரில் பேட்டரி செத்தால் என்-க்கு வந்தும் சக்கரம் உருளாது, ஜம்ப் கொடுத்தே தீர வேண்டும்.

பேட்டரி நன்றாக இருந்தும் சிக்குகிறதா? பிரேக்கை மிதித்து, பின்னால் விளக்கு எரிகிறதா என ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் பெரும்பாலும் ஃபியூஸ் அல்லது பெடலுக்கு மேலே உள்ள பிரேக் லைட் ஸ்விட்ச். புஷ் பட்டன் கார் ஸ்டார்ட் ஆகாததற்கும் அதே ஸ்விட்ச் காரணமாக இருக்கலாம். எரிந்தும் லீவர் வரவில்லை என்றால் சொலினாய்டு, அல்லது கன்சோலில் கொட்டிய சர்க்கரை டீ.

என்-க்கு வந்த காரை ஓரமாகத் தள்ளுவதோடு நிறுத்துங்கள். எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸ் ஆயில் பம்ப்பும் ஓடாது. எஞ்சின் இயக்கும் சக்கரங்கள் (சிட்டியில் முன் சக்கரங்கள்) தரையில் உருள தூரமாக இழுத்துப்போனால் கியர்பாக்ஸ் தேய்ந்துவிடும். ஃபிளாட்பெட் வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள்.