சி-விஜில் செயலி: வேலூர் வார்டு தேர்தலுக்கு உதவுமா?

2019 ஏப்ரலில் 11 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம் பிடிபட்டு, வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தானது. ஆகஸ்ட் 5-ல் வாக்குப்பதிவு நடந்தபோது வெற்றி வித்தியாசம் 8,141 வாக்குகள்தான். வாக்காளர்களுக்குப் பணப் பட்டுவாடா நடப்பதைப் புகார் செய்ய இந்தியத் தேர்தல் ஆணையம் தரும் சி-விஜில் செயலியை இந்த ஊர் அறிந்துவைத்திருக்க வேண்டும்.

படமோ இரண்டு நிமிட வீடியோவோ செயலிக்குள்ளேயே எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை ஏற்ற முடியாது. எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் அனுப்பியாக வேண்டும். இடத்தை ஜிபிஎஸ் குறித்துக்கொள்ளும். கட்டுப்பாட்டு அறைக்கு 5 நிமிடம், பறக்கும் படை வர 15, விசாரணைக்கு 30, தேர்தல் அலுவலர் முடிவெடுக்க 50: மொத்தம் 100 நிமிடக் கணக்கு. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம்; ஆனால் புகார் என்னவானது என்று பிறகு பார்க்க முடியாது. ஆளுக்கு ஆள் தெரிந்த தெருவில் பெயர் சொல்லாமல் இருப்பதே பாதுகாப்பு.

பணக் கவரை மட்டும் படமெடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. கொடுத்தவர் யார் என்பது அதில் இல்லை. கொடுக்கும் கை, கையிலிருக்கும் வாக்காளர் பட்டியல் நகல், வண்டி எண் மூன்றும் ஒரே வீடியோவில் விழ வேண்டும். பணத்துக்குப் பதில் டோக்கன் என்றால், அதற்குப் பொருள் தரும் கடையும் சேர வேண்டும். வாங்குவதும் குற்றம் என்பதால் (பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 170) வீட்டுக்காரர்கள் சாட்சி சொல்லத் தயங்குவார்கள். அதனால் வீடியோதான் பேச வேண்டும்.

பெரிய குறை வேறு. மாநகராட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். இந்தச் செயலி அதற்கானதல்ல. வேலூரில் 60 வார்டு, 31 கவுன்சிலர் கையில் இருந்தால் மேயர். 2011-ல் மக்கள் நேரடியாக மேயருக்கு வாக்களித்தார்கள். 2022-ல் கவுன்சிலர்கள் மறைமுகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். பிப்ரவரி 19 வாக்குப்பதிவு, மார்ச் 4 மேயர் தேர்வு. இழுபறியான மன்றத்தில் பேரம் நடப்பது இந்த இடைவெளியில்தான், அதுவும் மூடிய அறையில். வார்டிலோ சில பத்து வாக்குகள் போதும். குடிநீர் இணைப்பு, முதியோர் பென்ஷன் மனு, தள்ளுவண்டிக்கு இடம் என்று ஐந்து வருடமாக ஒருவரிடமே கேட்டுப் பழகிய வீடு, பணமே வாங்காமல் அவருக்கு வாக்களிக்கும். இதை எந்தக் கேமராவும் பிடிக்காது.

சட்டமன்ற, மக்களவைத் தேர்தலுக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மாநகராட்சிக்கு மாநில ஆணையம் இதேபோல ஒன்றைத் தர வேண்டும். அது வாக்குப்பதிவோடு மூடிவிடாமல் மேயர் தேர்வு முடியும் நாள்வரை திறந்திருக்க வேண்டும்.