லண்டன் பழைய வீட்டுப் புகைபோக்கி: சிமெண்டா, சுண்ணாம்பா?

லண்டனில் 1919-க்கு முன் கட்டிய வீட்டை வாங்கியிருந்தால் கூரைமேல் நிற்கும் செங்கல் புகைபோக்கி என்றைக்காவது ஒருநாள் செலவு வைக்காமல் விடாது. ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டில் படுக்கையறை மூலையில் பழுப்பாக ஈரக்கறை படிந்தபோது எங்கள் முறை வந்தது. முன்னால் இருந்த வழி மூன்று: சிமெண்டில் பாயிண்டிங் (செங்கல்களுக்கு இடையிலுள்ள இடுக்கைச் சுரண்டிப் புதுக் கலவை நிரப்புவது), சுண்ணாம்புக் காரையில் பாயிண்டிங், இல்லையென்றால் புகைபோக்கியையே இடித்துவிடுவது. நாங்கள் சுண்ணாம்புக்குப் போனோம். பழைய வீடு என்றால் நீங்களும் அதற்கே போங்கள் என்றுதான் சொல்வேன்.

இடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரிசை வீடுகளில் புகைபோக்கி பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்கும் பொது, அதனால் 1996-ஆம் ஆண்டின் பொதுச்சுவர் சட்டப்படி அவர்களுக்கு முறையாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவர்கள் பக்கத்துப் புகைக்குழாய் இன்னும் பயன்பாட்டில் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

சிமெண்ட் மலிவு, எந்த பில்டருக்கும் கைவந்த வேலை, சீக்கிரம் இறுகிவிடும். கெட்டியான செங்கலில் சிமெண்ட் வைத்தே கட்டிய பிற்கால வீடு என்றால் அதுவே சரி, யோசிக்க வேண்டாம்.

விக்டோரியா காலத்துச் செங்கல் அப்படியில்லை. அது மென்மையானது, மழைநீரைக் குடிக்கும். புகைபோக்கியோ நாலு பக்கமும் காற்றும் மழையும் அடிக்கிற இடத்தில் நிற்கிறது, அடுப்பை மூடிவிட்ட வீடுகளில் உள்ளிருந்து சூடும் கிடையாது. குடித்த தண்ணீர் சுண்ணாம்பு இடுக்கு வழியாக ஆவியாகி வெளியேறும். சிமெண்டால் அந்த இடுக்கை அடைப்பது வெயில் காலத்தில் நைலான் சட்டை போடுவது மாதிரி: ஈரம் உள்ளேயே நிற்கும். ஜனவரிக் குளிரில் அது உறைந்து விரியும்போது செங்கலின் முகம் தெறித்துவிடும். முந்தைய உரிமையாளர் வைத்த சிமெண்ட், எங்கள் புகைபோக்கியில் அச்சுக் குலையாமல் துருத்திக்கொண்டு நின்றது, நடுவிலிருந்த செங்கல்தான் குழிந்து போயிருந்தது. கூரை வாய்க்காலைத் துழாவினால் மெல்லிய செங்கல் சில்லுகள், ஒரு பக்கம் கரிபிடித்து, மறுபக்கம் புதிதாக.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது அடுத்த பழுது. எந்தக் காரையாக இருந்தாலும் ஒருநாள் தேயும், தேயவும் வேண்டும், ஏனென்றால் தேய வேண்டியது காரை, செங்கல் இல்லை. சுண்ணாம்பு என்றால் உளியால் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பலாம், செங்கலுக்கு ஒரு கீறல் விழாது. சிமெண்டை எடுக்க கிரைண்டர் வேண்டும், அது செங்கலின் ஓரத்தையும் சேர்த்தே பெயர்த்துக்கொண்டு வரும். அப்புறம் பழைய மஞ்சள் லண்டன் செங்கலைத் தேடி வாங்கி ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதுதான். எதை வைத்தாலும் சாரம் கட்டும் செலவு ஒன்றுதான், அதுவே பில்லில் பெரிய தொகை, அதைக் கொடுத்துவிட்டுக் கலவையில் மிச்சம் பிடிப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

சுண்ணாம்பில் சிரமமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஐந்து டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினால் வேலை செய்யக்கூடாது, முடித்தபிறகும் ஈரச் சாக்கு போர்த்தி மெதுவாகக் காயவிட வேண்டும், ஆள் கிடைப்பதும் அரிது. கிடைத்தவரும் “சீக்கிரம் இறுகட்டும், கொஞ்சம் சிமெண்ட் சேர்த்துக்கலாம்” என்பார், சம்மதிக்காதீர்கள். எங்களுக்கு 3.5 ரக ஹைட்ராலிக் சுண்ணாம்பும் (தண்ணீர் சேர்ந்ததும் இறுகத் தொடங்கும் வகை, 3.5 என்பது அதன் வலிமை ரகம்) கூர்மணலும் (சொரசொரப்பான பருமணல்) போட்டார்கள். அதற்குப்பின் சில குளிர்காலம்தான் போயிருக்கிறது, இதுவரை ஒரு செங்கல்லும் உதிரவில்லை, இருபது வருஷக் கணக்கைச் சொல்ல எனக்கு இன்னும் தகுதி வரவில்லை. எங்கள் புகைக்குழாய் கீழே அடுப்பு எரிக்காத குழாய். விறகு அடுப்பு வைத்திருப்பவர்கள் புகைக்குழாயின் உள்ளே லைனரின் (உட்புற உறைக்குழாயின்) நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எரிக்காத குழாயை மேலே முழுக்க அடைத்துவிடாதீர்கள், காற்று போகிற மூடி போட்டு, கீழேயும் சின்ன காற்றுத்துளை விடச் சொல்லுங்கள். ஒழுக்கு நின்றபிறகும் அறைச்சுவரில் கறை போகவில்லையே என்று கொத்தனாரோடு சண்டைக்குப் போகவும் வேண்டாம். பழைய கரியிலிருந்த உப்பு பூச்சில் ஊறியிருக்கிறது, அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இடத்துப் பூச்சை மட்டும் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூசினால் போதும்.