இன்டென்சிஃபையா, எஸ்கலேட்டா?

ஒரு விஷயம் வலுக்கிறது, முற்றுகிறது, தீவிரமாகிறது என்பதை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் பலருக்கும் முதலில் கைக்கு வருவது எஸ்கலேட்தான், அலுவலக மெயில்களில் அந்த அளவுக்குப் புழங்கிவிட்டது. தினமும் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. நான் இப்போது இன்டென்சிஃபை பக்கம் சாய்ந்துவிட்டேன், எஸ்கலேட்டை அது இல்லாமல் முடியாது என்கிற இடத்தில் மட்டும்தான் தொடுகிறேன்.

இலக்கணத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மழை தானாகவும் இன்டென்சிஃபை ஆகும், போலீஸ் தேடுதலையும் இன்டென்சிஃபை செய்யும். எஸ்கலேட்டும் அப்படியே இரண்டு பக்கமும் போகும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு: நல்லதற்கும் இந்தச் சொல் வருமா? இன்டென்சிஃபை வரும். ஆர்வம், பாசம், மணம், நிறம், பயிற்சி, முயற்சி எதற்கும் தயங்காமல் போடலாம், வலிக்கும் பயத்துக்கும் போடலாம், சொல் எந்தப் பக்கமும் சேராது. எஸ்கலேட் அப்படியில்லை. இருவரின் காதல் எஸ்கலேட் ஆனது என்று எழுதிப் பாருங்கள், அடுத்த வரியில் ஆம்புலன்ஸ் வந்துவிடும் போலிருக்கும். அந்தச் சொல்லின் பிறப்பே படிக்கட்டில்தான். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஓட்டிஸ் நிறுவனம் காட்டிய நகரும் படிக்கு எஸ்கலேட்டர் என்று பெயர், அதிலிருந்து பின்னால் உரித்தெடுத்ததுதான் எஸ்கலேட் என்ற வினை. பனிப்போர் காலத்தில் அது அணு ஆயுதப் பேச்சுக்குள் போனது. அமெரிக்க அணு ஆயுதப் போர் உத்தி ஆய்வாளர் ஹெர்மன் கான் 1965-ல் போர் முற்றுவதை 44 படி உள்ள ஏணியாகவே வகுத்துக் காட்டினார். அந்த வாடை இன்னும் போகவில்லை. (இன்டென்சிஃபைக்கும் ஒரு கதை உண்டு. 1817-ல் அதைத் துணிந்து எழுதிய கவிஞர் கோல்ரிட்ஜ், தன் காதுக்கே கரடுமுரடாக ஒலிக்கிறது என்று ஒப்புக்கொண்டார். இன்று யாருக்கும் அப்படிப் படுவதில்லை.)

சரி, படிப்படியாக ஏறினால் எஸ்கலேட், இருந்த இடத்திலேயே அடர்ந்தால் இன்டென்சிஃபை என்று வைத்துக்கொள்ளலாமா? பாதி சரி. புயல் அங்கேதான் இடிக்கும். தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று அதற்கும் படிகள் உண்டு, ஆனாலும் வானிலை அறிக்கையில் எப்போதும் இன்டென்சிஃபைதான். 24 மணி நேரத்தில் காற்றின் வேகம் 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கி.மீ.) கூடினால் அமெரிக்கப் புயல் மையம் அதை ரேப்பிட் இன்டென்சிஃபிகேஷன் என்கிறது. ஏனென்றால் புயலுக்கு யாரும் பதிலடி கொடுப்பதில்லை. ஒருவன் ஒன்று செய்ய, மற்றவன் அதற்கு மேல் ஒன்று செய்ய, வாய்ச்சண்டை கைகலப்பாகிறதே, எஸ்கலேட் அந்த இடத்துக்குத்தான் கச்சிதம்.

அப்புறம் இன்டென்சிஃபை தோற்கும் இடங்கள். விலையும் செலவும் இன்டென்சிஃபை ஆகாது, எஸ்கலேட் ஆகும். ஒப்பந்தங்களில் பிரைஸ் எஸ்கலேஷன் என்றே ஒரு பிரிவு வரும். புகாரை மேலதிகாரியிடம் கொண்டுபோவதற்கும் எஸ்கலேட்தான்.

இதே வரிசையில் வரும் எக்ஸாசர்பேட், அக்ரவேட் இரண்டும் ஏற்கெனவே கெட்டிருப்பதை இன்னும் கெடுக்க மட்டும். எதைக் கெடுத்தது என்று பின்னால் சொல்லியாக வேண்டும். பிராப்ளம் எக்ஸாசர்பேட்டட் என்று நிறுத்தினால் வாக்கியம் நொண்டும். மருத்துவ எழுத்தில் இவற்றுக்குத் தனிப் புழக்கம் உண்டு. அந்தப் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அங்கே என் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எஸ்கலேட்டிடம் எனக்குப் பொறாமை ஒன்றில்தான். தணிப்பதற்கு டீஎஸ்கலேட் என்று தயாராக ஒரு ஜோடி வைத்திருக்கிறது. இன்டென்சிஃபை ஆன மழை குறைந்தால் ஈஸ், வலி குறைந்தால் சப்சைட் என்று ஒவ்வொரு முறையும் தேடித்தான் எழுத வேண்டியிருக்கிறது.