நீல 'ஈ'யோடு 23 வருஷம்: ஒரு பிரௌசிங் சென்டர்காரரின் அனுபவம்

புதுப் போன் வாங்கிய பத்தாம் நாளே விமர்சனம் எழுதிவிடுகிறார்கள். நான் எழுதப்போகிற சாமானை 1999 ஜனவரியிலிருந்து 2022 ஜூன் வரை தினமும் கடையில் திறந்து மூடியிருக்கிறேன். மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். காசு கொடுத்து வாங்கவில்லை, கேட்டும் வாங்கவில்லை. விண்டோஸ் 98 ஏற்றினால் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அது அப்படி வந்து உட்கார்ந்தது சட்டப்படி சரிதானா என்று அமெரிக்க அரசும் 20 மாநிலங்களும் 1998 மே 18 அன்று வழக்குப் போட்டன. ஆகவே பிரௌசரைப் பற்றி எழுதினால் வழக்கைப் பற்றியும் எழுதித்தான் ஆகவேண்டும்.

கடை கும்பகோணத்தில். நாலு மெஷின், நாலுக்கும் சேர்த்து ஒரே டயல்-அப் லைன், மணிக்கு அறுபது ரூபாய். வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இன்டர்நெட் எங்கண்ணே இருக்கு?" திரையில் இருக்கும் அந்த நீல ஆங்கில எழுத்தைக் காட்டி, "அந்த ஈயை ரெண்டு தட்டு தட்டுங்க" என்பேன். அன்றிலிருந்து எங்கள் கடையில் அதற்கு ஈ என்றே பெயர். அது ஒரு மென்பொருள், அதற்கு மாற்று உண்டு என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஈதான் இன்டர்நெட்.

மாற்று இருந்தது. நெட்ஸ்கேப். ஒரு ராத்திரி கடையை மூடிவிட்டு அதை இறக்கப் பார்த்தேன். பதினைந்து எம்பிக்கு மேல். மூன்று மணி நேரம் மிச்சம் என்று காட்டியது. கொசுவர்த்தி ஏற்றிவைத்துக்கொண்டு காத்திருந்தேன். எண்பது சதவீதத்துக்கு மேல் போனபோது லைன் அறுந்தது. மறுநாளும் அதே கதை. கடைசியில் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து ஏற்றினேன். ஏற்றி என்ன, பக்கத்திலேயே ஈ இருக்கும்போது அதை யார் தட்டப்போகிறார்கள்?

பிறகு இந்த வழக்கின் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 1999 நவம்பர் 5 அன்று வெளியிட்ட உண்மை முடிவுகளை, அதாவது நிஜத்தில் நடந்தது இதுதான் என்று அவர் எழுதிவைத்ததைப் பற்றிப் படித்தபோது, என் கொசுவர்த்தி ராத்திரியைத்தான் சட்ட மொழியில் எழுதியிருக்கிறார்கள் என்று பட்டது. பிரௌசர் மக்களிடம் போய்ச்சேர நல்ல வழிகள் இரண்டு: ஒன்று கம்ப்யூட்டர் செய்து விற்பவரே உள்ளே போட்டுக் கொடுப்பது, மற்றது இன்டர்நெட் இணைப்பு கொடுப்பவர் வழியாகப் போவது. இரண்டு வாசலையும் மைக்ரோசாஃப்ட் அடைத்துவிட்டால் நெட்ஸ்கேப்புக்கு மிஞ்சுவது இறக்கிக்கொள்ளும் வழியும் தபாலில் சிடி அனுப்பும் வழியும்தான். காம்பேக் நிறுவனம் 1996-ல் தன் மெஷின்களில் ஈயின் ஐகானை எடுத்துவிட்டது. விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்துவிடுவோம் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னதும் திரும்ப வைத்துவிட்டது. இன்டெல் வகைப் பிசிக்களில் 95 சதவீதத்துக்கு மேல் விண்டோஸ் ஓடிய காலம். உரிமம் போனால் காம்பேக் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

எங்கள் கடையிலும் இந்த விவாதம் நடந்தது. காலேஜில் பொருளாதாரம் நடத்தும் வாத்தியார் ஒருவர் சனிக்கிழமைதோறும் மெயில் பார்க்க வருவார். பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஓசியில கொடுக்கிறவன் மேல கேஸ் போடுற ஊரு உலகத்துலயே அதுதான்யா. வாங்கினவனுக்கு என்ன நஷ்டம்னு ஒருத்தனாவது சொல்லட்டும்."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நெட்ஸ்கேப் ஒரு காலத்தில் காசுக்கு விற்ற சரக்கு. ஈயோடு மல்லுக்கட்ட முடியாமல் 1998 ஜனவரியில் அதுவும் இலவசமானது. பார்க்கப்போனால் போட்டியால் விலை சைபருக்கு வந்துவிட்டது. போதாக்குறைக்கு, எங்கள் ஊரில் அந்த வருஷங்களில் விண்டோஸையே காசு கொடுத்து வாங்கியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். விலை ஏறிவிடும் என்ற பயம் எங்களிடம் எடுபடாது.

வாத்தியார் சொன்னதை அங்கே பெரிய பெரிய தலைகளும் சொன்னார்கள். பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மேன், போட்டியாளனை மடக்க அரசாங்கத்தைக் கூப்பிடும் தொழிலதிபர்கள் தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப்போட்டுக்கொள்கிறார்கள் என்ற பொருளில் எழுதினார். எதிர்ப்பக்கம் பார்த்தால் சட்ட அறிஞர் ராபர்ட் போர்க். ஏகபோகத் தடைச் சட்டத்தை இஷ்டத்துக்கு நீட்டக்கூடாது என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர், நெட்ஸ்கேப்பின் சம்பளத்தில் மைக்ரோசாஃப்டுக்கு எதிராகப் பேசினார். 1999 ஜூனில் 240 பொருளாதார அறிஞர்கள் வழக்கை எதிர்த்துக் கையெழுத்திட்ட கடிதம் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமாக வந்தது. விளம்பரச் செலவு மைக்ரோசாஃப்டின் பணம் என்பது சில மாதங்களில் வெளியே வந்தது. மைக்ரோசாஃப்டின் போட்டி நிறுவனமான ஆரக்கிள் துப்பறியும் ஆட்களை வைத்து, மைக்ரோசாஃப்டை ஆதரிக்கும் அமைப்புகளின் குப்பையையே காசு கொடுத்து வாங்கப் பார்த்தது. மாட்டிக்கொண்டபோது அதன் தலைவர் லாரி எலிசன், பொதுக்கடமை செய்தேன் என்றார். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: 2001-ல் யூட்டா மாநில அட்டர்னி ஜெனரலுக்கு மைக்ரோசாஃப்டை விட்டுவிடச் சொல்லி வந்த கடிதங்களில் இரண்டு, இறந்துபோனவர்கள் பெயரில் இருந்தன. செத்தவர் ஓட்டுப்போடுவது நமக்குப் புதிதில்லை. செத்தவர் கடிதம் எழுதியது எனக்குப் புதிது.

விசாரணையில் மெஷின் ஆள் என்ற முறையில் நான் ரசித்த இடம் ஒன்று உண்டு. ஈயைப் பிடுங்கினால் விண்டோஸ் நொண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் வாதம். பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன் பிடுங்குவதற்கு ஒரு புரோகிராமே எழுதிக்கொண்டு வந்தார். அது ஓடிய மெஷின் எப்படி மந்தமாகிறது பாருங்கள் என்று 1999 பிப்ரவரியில் நிறுவனம் ஒரு வீடியோ போட்டது. அரசு வக்கீல் டேவிட் பாய்ஸ் அதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொன்னார். திரையின் தலைப்புப் பட்டையில் இருந்த எழுத்து, சொன்ன மெஷினுக்கும் காட்டிய மெஷினுக்கும் பொருந்தவில்லை. வீடியோவைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. பில் கேட்ஸின் வாக்குமூல வீடியோ இன்னும் பிரசித்தம். எந்தப் பிரௌசரைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள் என்று கேட்டால், கவலை என்று எதைச் சொல்கிறீர்கள் என்று தெரியவில்லை என்றார். நீதிபதியே சிரித்துவிட்டார்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000 ஜூன் 7 அன்று நிறுவனத்தை இரண்டாக உடைக்கச் சொல்லி ஜாக்சன் தீர்ப்பளித்தார். 2001 ஜூன் 28 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக, ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது உண்மை, ஆனால் உடைக்கும் உத்தரவு செல்லாது என்றார்கள். ஜாக்சன் வழக்கு நடக்கும்போதே பத்திரிகைக்காரர்களிடம் மனம்விட்டுப் பேசியிருந்தார். கேட்ஸை நெப்போலியனோடு ஒப்பிட்டதெல்லாம் அதில் உண்டு. அவர் கையிலிருந்து வழக்கைப் பிடுங்கிவிட்டார்கள். நீதிபதிக்கும் வாய் அடக்கம் வேண்டும். அமெரிக்காவில் ஆட்சி மாறியிருந்தது. நவம்பரில் அரசுக்கும் மைக்ரோசாஃப்டுக்கும் சமரசம். மக்கள் கருத்துக் கேட்டபோது 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் குவிந்தன. 2002 நவம்பர் 1 அன்று நீதிபதி காலின் கோலர்-கோட்டெலி சமரசத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டார்.

அந்தச் சமரசத்தின் கைரேகையை எங்கள் கடையிலேயே பார்க்கலாம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு முதல் சர்வீஸ் பேக் போட்டதும் ஸ்டார்ட் மெனுவில் புதிதாக ஒரு வரி முளைத்தது: 'செட் புரோகிராம் ஆக்சஸ் அண்ட் டிஃபால்ட்ஸ்'. எந்தப் பிரௌசர் வேண்டும் என்று நாமே சொல்லலாம், ஈயின் ஐகானை மறைத்தும் வைக்கலாம். மறைக்கத்தான் முடியும். உள்ளே அது அப்படியே இருக்கும். எக்ஸ்பியில் விண்டோஸ் அப்டேட் தளத்துக்குப் போக ஈயைத்தான் கூப்பிட வேண்டும். வருஷக்கணக்கில் நடந்த வழக்கு என் மெஷினுக்குள் வந்து சேர்ந்தது இந்த ஒரு வரியாகத்தான். என் கடை வாடிக்கையாளர் ஒருவர்கூட அதைத் தொட்டதில்லை.

வாத்தியார் கேட்ட நஷ்டம் என்ன என்பது எனக்குப் புரிந்தது தமிழ்ப் பேப்பர் படிக்கும்போதுதான். எல்லாத் தளத்துக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவாத காலம் அது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு. அதை நாமாக இறக்கிப் போடாமல் தானாகவே தெரியவைக்க, ஈக்கு ஒரு முறை, நெட்ஸ்கேப்புக்கு வேறொரு முறை. தளக்காரர்கள் முதலில் இரண்டுக்கும் செய்துவைத்தார்கள். நெட்ஸ்கேப் விழுந்த பிறகு இரண்டாவதைச் செய்ய யாருக்குப் பொறுமை? ஈயில் தெரிந்தால் போதும் என்று விட்டார்கள். 2004 நவம்பரில், நெட்ஸ்கேப்பின் சாம்பலிலிருந்து வந்த ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வெளியானது. ஆசையாக ஏற்றி, நான் தினமும் படிக்கும் பேப்பரைத் திறந்தேன். கோழி கிண்டின மாதிரி இருந்தது. 'பத்மா' என்ற நீட்சியைத் தேடிப்பிடித்துப் போட்ட பிறகுதான் தமிழ் தமிழாகத் தெரிந்தது. இதற்கிடையில் ஈயின் 6-ஆம் பதிப்பு 2001 ஆகஸ்டில் வந்தது, 7-ஆம் பதிப்பு 2006 அக்டோபரில். ஐந்து வருஷ இடைவெளி. துரத்த ஆளில்லாதவன் எதற்கு ஓடவேண்டும்? விலைச்சீட்டில் இதெல்லாம் ஏறாது. வாத்தியாரிடம் சொல்ல அப்போது அவர் வேறு ஊருக்கு மாறிப்போயிருந்தார்.

2005-ல் ஒரு வைராக்கியத்தில் ஆறு மெஷினிலும் ஈயை மறைத்து ஃபயர்ஃபாக்ஸ் வைத்தேன். மறுநாள் காலை முதல் ஆளே கேட்டார்: "என்னண்ணே, இன்டர்நெட்டை எடுத்துட்டீங்களா?" இரண்டு பேர் பக்கத்துத் தெருக் கடைக்கே போய்விட்டார்கள். சாயந்திரம் ஒரு காரியம் செய்தேன். ஃபயர்ஃபாக்ஸ் ஷார்ட்கட்டில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், சேஞ்ச் ஐகான். நீல ஈயின் படத்தை எடுத்து அதற்கு மாட்டிவிட்டேன். அதன்பின் புகாரே இல்லை. ஒருவர் மட்டும், "நெட் இப்ப வேகமா இருக்கே, லைன் மாத்தினீங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஐரோப்பாவில் வேறு மாதிரி போனார்கள். 2004-ல் மைக்ரோசாஃப்டுக்கு மீடியா பிளேயர் முதலான விவகாரத்தில் 49.7 கோடி யூரோ அபராதம். 2010 மார்ச்சிலிருந்து, எந்தப் பிரௌசர் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் திரை. அதை ஒரு பதிப்பில் வைக்க விட்டுப்போனதற்கு 2013-ல் இன்னும் 56.1 கோடி யூரோ. அந்தத் திரை நம் ஊருக்கு வரவில்லை. வந்திருந்தாலும் எங்கள் ஆட்கள் தேடிப்பிடித்து நீல ஈயைத்தான் தட்டியிருப்பார்கள்.

கடையிலிருந்து ஈ போக ரொம்ப நாள் ஆனது. காரணம் ஒரு அரசுத் துறையின் டெண்டர் தளம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகி, பழைய ஜாவா போட்டு, ஈயில் மட்டும்தான் திறக்கும். அதற்கென்றே மூலையில் ஒரு எக்ஸ்பி மெஷின், மேலே 'டெண்டர் மட்டும்' என்று ஒட்டிய சீட்டு. 2016-ல் ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு டெண்டர் முடிகிறது. ஒப்பந்ததாரர் ஒருவர் இரண்டரைக்கு வந்து உட்கார்ந்தார். முந்தின நாள் கடைப்பையன் ஜாவாவை அப்டேட் செய்துவிட்டிருக்கிறான். டோக்கனைத் தளம் கண்டுகொள்ளவே இல்லை. "வேற சிஸ்டத்துல போட்டுப் பாருப்பா, வேற எதுலயாவது திறப்பா" என்று அவர் சட்டையெல்லாம் வியர்வை. வேறு எதிலும் திறக்காது. பழைய ஜாவாவைத் திரும்ப ஏற்றி முடித்தபோது மணி 3.04. ஒரு கோடியோ என்னவோ, அவர் தொகையைச் சொல்லவில்லை. நான் காசு வாங்கவில்லை.

மைக்ரோசாஃப்டே 2022 ஜூன் 15 அன்று ஈக்கு ஓய்வு கொடுத்தது. அந்தத் தளமும் பிறகு மாறிவிட்டது. இப்போது கடையில் எல்லாம் குரோம். 2024 ஆகஸ்ட் 5 அன்று, தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று நீதிபதி அமித் மேத்தா தீர்ப்புச் சொன்னார். மைக்ரோசாஃப்ட் வழக்கில் போட்ட பாதைதான். ஐபோனில் முதல் தேடுபொறியாக உட்கார 2022-ல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் போயிருக்கிறது. இங்கே நம் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 2022-ல் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

போன நவம்பரில் வாத்தியார் கடைக்கு வந்தார். ரிட்டயர் ஆகி ஊர் திரும்பிவிட்டாராம். பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று எடுக்க வேண்டும். கூகுள் தீர்ப்பைச் சொன்னேன். தமிழ்ப் பேப்பர் கதை, டெண்டர் கதை எல்லாம் மனதில் வரிசையாக வைத்திருந்தேன்.

"அதையும் ஓசியிலதானே கொடுக்கிறான்?" என்றார், விரலை மெஷினில் வைத்துக்கொண்டே.

பதில் சொல்ல வாயெடுத்தேன். ரேகை விழவில்லை. "கையை நல்லாத் துடைச்சுட்டு இன்னொரு தடவை வைங்க சார்" என்றேன்.