மல்லாந்தால் நிற்கும் எஞ்சின்: குட்டி டேங்குக்கு மூன்று வைத்தியம்

கயிற்றில் கட்டி வட்டமாகப் பறக்கவிடும் கண்ட்ரோல் லைன் மாதிரி விமானம் மல்லாந்ததும் எஞ்சின் இருமி நின்றால், பலரும் முதலில் திருகுவது எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் நீடில் வால்வைத்தான். பெரும்பாலும் குற்றவாளி டேங்கின் காற்றுத்துளை. நேராகப் பறக்கும்போது மேலே இருந்த துளை இப்போது கீழே வந்துவிட்டது. எரிபொருள் அதன் வழியே ஒழுகுகிறது.

எரிபொருளை எஞ்சினுக்கு எடுத்துச்செல்லும் உறிஞ்சுகுழாய்மேல் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் 12 மீட்டர் கயிற்றில் நொடிக்கு 20 மீட்டர் வேகம் என்றால், வட்டத்தின் வெளிப்பக்கம் தள்ளும் விசை புவியீர்ப்பைப் போல 3.4 மடங்கு. குழாயின் வாய் டேங்கின் வெளிப்பக்கப் பின்மூலையில் இருந்தால், விமானம் எப்படிப் புரண்டாலும் எரிபொருள் அங்கேதான் கிடக்கும்.

முதல் வழி, குறுக்குக் குழாய்கள். கீழே திறக்கும் காற்றுக்குழாயை உள்ளே மேல்சுவர் வரை நீட்ட வேண்டும். மேலே திறப்பதைக் கீழ்ச்சுவர் வரை இறக்க வேண்டும். இரண்டும் வட்டத்தின் உட்பக்கச் சுவரை ஒட்டியே இருக்க வேண்டும். எந்தப் பக்கம் புரண்டாலும் ஒன்று காற்றைக் கொடுக்கும், மற்றதன் வெளிவாய் மேலே இருப்பதால் ஒழுகாது. காக்ஸ் நிறுவனம் 1956-இல் கொண்டுவந்த பேப் பீ போன்ற 0.049 கன அங்குல (0.8 சிசி) எஞ்சின்களுக்கு இதுவே எளிது, டேங்க் எஞ்சினின் முதுகிலேயே இருக்கிறது, வேறு இடம் தேட வேண்டாம். ஒரே தொல்லை, அந்தக் கிண்ணம் அலுமினியம். ஈயப்பற்று பிடிக்காது, எப்பாக்ஸிதான். எரிபொருளில் கலந்த விளக்கெண்ணெயின் பழைய கறையைச் சுரண்டாமல் ஒட்டினால் நாலு பறப்பில் பெயர்ந்துவிடும்.

ஆனால் இதில் ஒரு குறை மிச்சம். எரிபொருள் குறையக் குறைய அதன் விளிம்பு வெளிப்பக்கம் நகர்கிறது. 25 மி.மீ. அகல டேங்கில், மேற்சொன்ன விசையில், அது சுமார் 8 செ.மீ. உயர வித்தியாசத்துக்குச் சமம். தொடக்கத்தில் சரியாக ஓடிய எஞ்சின் கடைசிச் சுற்றுகளில் லீன் ஆகி (எரிபொருள் போதாமல்) கத்தும்.

அதற்குத்தான் இரண்டாவது வழி, யூனிஃப்ளோ. காற்றுக்குழாயை உறிஞ்சுகுழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் முடிக்க வேண்டும். நிரப்பும்போது வழியவிட்ட துளையைப் பறக்குமுன் மூடிவிட வேண்டும். இயற்பியல் வகுப்பில் பார்த்த மாரியட் குப்பியேதான்: காற்று எங்கே நுழைகிறதோ அந்த இடத்து அழுத்தம் மாறாது, மட்டம் எவ்வளவு குறைந்தாலும். தகரத்தில் தனி டேங்க் செய்வதானால் நான் வேறெதையும் யோசிக்க மாட்டேன். ஊசிமுனைக் கசிவு இருந்தாலும் போச்சு, சாதா டேங்காகிவிடும். தண்ணீரில் அமிழ்த்தி ஊதிப் பார்க்காமல் பொருத்தாதீர்கள்.

ரேடியோ விமானங்களில் வரும், வளையும் உறிஞ்சுகுழாயின் நுனியில் குண்டு ஆடும் டேங்கைக் கேட்பவர்கள் உண்டு. இவ்வளவு சின்ன டேங்கில் சிலிக்கோன் குழாய் விறைத்து நின்றுவிடும், குண்டு ஆடாது. விட்டுவிடலாம்.

மூன்றாவது, ரப்பர் பை: லேடெக்ஸ் குழாயோ குழந்தையின் சூப்பானோ. சிரிஞ்சால் நிரப்பினால் அது பலூன் போல உப்பி, தன் இறுக்கத்தாலேயே எரிபொருளைத் தள்ளும். மேல், கீழ், பக்கம் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. காம்பாட் (விமானச் சண்டைப் போட்டி) பறப்பவர்கள் இதை விடாததில் வியப்பில்லை. பேப் பீயில் போடுவதென்றால் குழாயைக் கிண்ணத்துக்குள் நுழைத்து உறிஞ்சுகுழாயின் மூக்கிலேயே மாட்ட வேண்டும்; கிண்ணம் வெறும் கூடாகிவிடும். அழுத்தம் அதிகம் என்பதால் நீடிலை மயிரிழை திருப்பினாலும் ஓட்டம் மாறும். ரப்பரும் நாளடைவில் தளரும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நாலு லூப்பும் இரண்டு தலைகீழ்ச் சுற்றும் போதும் என்பவருக்கு இந்தப் பாடு எதற்கு?

பை தவிர மற்ற இரண்டிலும் டேங்கின் உயரம் முக்கியம். நேராக ரிச் (எரிபொருள் அதிகம்), மல்லாந்தால் லீன் என்றால் டேங்க் உயரத்தில் இருக்கிறது, கொஞ்சம் இறக்குங்கள். எதிர்மாறாக இருந்தால் ஏற்றுங்கள். தனி டேங்கில் இதை ஒரு மில்லிமீட்டர் ஒட்டுப்பலகைத் துண்டால் சரிசெய்யலாம். பையில் வேறு கவனம்: எஞ்சின் நின்ற பிறகும் அது தள்ளிக்கொண்டே இருக்கும். குழாயை உடனே கிளிப்பால் நெரிக்காவிட்டால், அடுத்த முறை ப்ரொப்பெல்லரைச் சுழற்றும்போது எஞ்சின் நிறைய எரிபொருள் நிற்கும்.