இணைப்புச் சக்கர ஸ்கூட்டரா, நியோபோல்ட்டா?

நடக்க முடியாத ஒருவர் வேலைக்குப் போய்வர வண்டி தேடினால், அது இணைப்புச் சக்கர ஸ்கூட்டரோ, சக்கர நாற்காலியில் மோட்டார் சக்கரம் மாட்டி ஓட்டும் நியோபோல்ட்டோ, கூட இருப்பவர்கள் வேகத்தையும் மைலேஜையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். நான் கேட்பது வேறு: வண்டியை நிறுத்திய பிறகு உள்ளே எப்படிப் போவீர்கள்?

இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் நமக்குப் பழகியது. தமிழ்நாடு அரசு தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாகவே தருகிறது. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம். நடுவழியில் நின்றுபோனால் பக்கத்து மெக்கானிக் பார்த்துவிடுவார். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பி, ஊன்றுகோலோடு நாலு படி ஏற முடிகிறவர் யோசிக்காமல் இதையே வாங்கலாம்.

தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்களில் பலருக்கு இடுப்புக்குக் கீழே அசைவோடு உணர்ச்சியும் போயிருக்கும். மதிய வெயிலில் நின்ற ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்தால் சூடு உறைக்காது. வீட்டுக்கு வந்து பார்த்தால் தொடையில் கொப்புளம். அது புண்ணாகிவிட்டால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டியதுதான். அப்புறம், போன இடத்தில் இன்னொரு சக்கர நாற்காலி வேண்டும், தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும். அலுவலக வாசலில் ஸ்கூட்டரைவிட்டு இறங்காமல், யாராவது வெளியே வருவார்களா என்று காத்திருப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இந்தச் சிக்கலைத்தான் நியோபோல்ட் தீர்க்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் குழுவின் ஆய்விலிருந்து பிறந்த நியோமோஷன் நிறுவனத்தின் தயாரிப்பு இது. நியோஃப்ளை என்ற சக்கர நாற்காலியை உடல் அளவுக்கேற்ப அமைத்துத் தருகிறார்கள். அதன் முன்னால் நியோபோல்ட் என்ற பேட்டரி மோட்டார் சக்கரத்தை மாட்டினால் வண்டி. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓடும். கழற்றினால் அதே நாற்காலியில், அதே மெத்தையில் உட்கார்ந்தபடி உள்ளே போய்விடலாம். யாரையும் கூப்பிட வேண்டாம்.

குறையும் உண்டு. பின்னால் யாரையும் ஏற்ற முடியாது. சார்ஜ் தீர்ந்தால் பங்க்கில் நிரப்ப முடியாது. லாரி ஓடும் புறவழிச்சாலையில் அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்து போக எனக்கே பயம். தினமும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் என்றால் ஸ்கூட்டர்தான் சரி.

கையால் சுற்றும் மூன்று சக்கர சைக்கிள்? தெருமுனைக் கடைக்குச் சரி. தினமும் மேட்டில் சுற்றினால் தோள்பட்டை தேய்ந்துவிடும். அந்தத் தோள்தான் அவருக்குக் காலும்கூட.

எதை வாங்கப் போனாலும், வாசற்படியின் உயரத்தையும் கழிப்பறைக் கதவின் அகலத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.