வாக்யூம் பெட்டும் எட்டு மில்லி டவல் முளையும்: நாலு வருட அனுபவம்

கோவை கணபதியில் எங்கள் மரப் பட்டறைக்கு நாலுக்கு எட்டு அடி சி.என்.சி. ரவுட்டர், அதாவது கணினி சொல்படி மரம் செதுக்கும் மெஷின், வந்து நாலு வருடம் ஆகிறது. காற்றை உறிஞ்சிப் பலகையைப் பிடிக்கும் ஆறு பகுதி வாக்யூம் பெட், இடையிடையே கிளாம்ப் மாட்ட டி-ஸ்லாட் பள்ளம். நிலைக்கதவு, பூஜை அறைக் கதவு, நடுவில் கிச்சன் ஷட்டர். மெஷின் விற்றவர், "பலகைய வைங்க, சுவிட்சத் தட்டுங்க, அவ்வளவுதானுங்க" என்றார். முழு ப்ளைவுட் ஷீட்டுக்கு அது உண்மைதான். பெட்டின் மேல் அடிப்பலகையாகப் போடும் எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) இரண்டு முகத்தையும் அரை மில்லி சீவி, ஓரங்களுக்கு ஃபெவிகால் பூசிவிட்டால் அசையவே அசையாது. என்ன, 5.5 கிலோவாட் பம்ப். மணிக்கு ஐந்தரை யூனிட் வரை குடிக்கும்.

சின்னத் துண்டு வந்தால்தான் சிக்கல். வாக்யூம் என்பது மேலிருந்து காற்று அழுத்துவதுதான். முழு வெற்றிடத்திலேயே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவைத் தாண்டாது. பாதி கிடைத்தால், பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டின் மேல் 50 கிலோ. அதுவும் கீழ்நோக்கி மட்டும். செதுக்கும் பிட் தள்ளுவதோ பக்கவாட்டில். அங்கே உராய்வு மட்டுமே துணை, அது இதில் பாதிகூட வராது. இந்த மாதிரித் துண்டுகளுக்கு மேசையில் ஒரு மாஸ்கிங் டேப், துண்டின் அடியில் ஒன்று, நடுவே ஃபெவிக்விக். அசிங்கமாக இருந்தாலும் பிடிக்கும்.

முதல் வருடம் ஆடிச் சாரலில் ஒரு தேக்குப் பலகை ராத்திரியோடு கிண்ணம்போலக் குழிந்திருந்தது. கவனிக்காமல் வாக்யூமை நம்பி ஓட்டினோம். மேலே இழுக்கும் வகை பிட் வேறு. "அண்ணா, பலகை நகுருதுங்" என்று பையன் கத்தி முடிப்பதற்குள் ஆறு மில்லி பிட் இரண்டு துண்டு. அதிலிருந்து தேக்கு என்றால் டி-ஸ்லாட் கிளாம்ப்தான். அதையும் மரத்தில் நாங்களே செய்துகொண்டோம். இரும்புக் கிளாம்பில் பிட் மோதினால் என்ன ஆகும் என்பதையும் ஒருமுறை பார்த்தாயிற்று.

ஆனால் இறுக்கிப் பிடிப்பதைவிட, சரியான இடத்தில் வைப்பதில்தான் அதிகம் நஷ்டப்பட்டேன். இரண்டு பக்கமும் செதுக்கும் கதவைத் திருப்பிப் போட்டால், பென்சில் கோட்டுக்கு வைத்தும் ஒன்றரை மில்லி தள்ளிப்போகும். பீளமேட்டுப் பக்கம் ஃபவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் (வார்ப்பு அச்சுக்கான மாதிரி) செய்த பெரியவர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங் தம்பி, ரெண்டாப் பொளந்த பேட்டர்ன டவல் இல்லாம மூடுவமா? இதுக்கு மட்டும் பென்சில் கோடா?"

டவல் என்பது துளையில் மாட்டி இரண்டையும் நேராக நிறுத்தும் உருளை முளை. இப்போது திருப்பும் கோட்டின் மேலேயே, கழிவாகப் போகும் இரு முனைகளில், மெஷினையே விட்டு 8 மி.மீ. துளை போடுகிறோம். பலகையைத் தாண்டி அடிப்பலகைக்குள்ளும் பத்து மில்லி இறங்கும். திருப்பி அதே டவலில் மாட்டினால் பூவும் பூவும் நேராக வரும். ஒரு பக்க வேலைக்கு நீளவாக்கில் இரண்டு முளை, அகலவாக்கில் ஒன்று, அவ்வளவு போதும். நாலாவது வைத்தால் பலகை எதில் முட்டுகிறது என்றே தெரியாது. முட்டும் ஓரம் இழைத்த ஓரமாக இருக்க வேண்டும். ரம்பம் அறுத்த ஓரத்தை நம்பாதீர்கள்.

அப்புறம், மர டவலை வாங்கியதும் வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். நான் வாங்கிய ஒரு கட்டு டவலில் பாதி 7.8 மில்லிதான் இருந்தது, துளைக்குள் ஆடியது. இப்போது ஸ்டீல் டவல், ஒரு பழைய டிபன் பாக்ஸில் கிடக்கிறது. வாரத்துக்கு ஒன்று காணாமல் போகிறது.